கோவிலடியில் வெட்டிய கரை

போர்க்களத்தில் சிக்கும் அணு உலைகளைப் பற்றிய தேடல், தஞ்சைக்கு வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. இழுத்து வந்தது 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை. தாக்கினால் பேரழிவு கட்டவிழும் என்று அதன் 56ஆம் பிரிவு மூன்றைப் பெயர் சொல்கிறது: அணை, கரை, அணுமின் நிலையம். முதல் இரண்டும் டெல்டாக்காரனுக்குத் தெரிந்தவை. இங்கே யாராவது போரில் உடைத்திருக்கிறார்களா?

விடை ராபர்ட் ஓர்மின் போர் வரலாற்றில் இருந்தது. 1754இல் பிரெஞ்சுப் படை ‘கொய்லாடி’யில் வெட்டியது என்கிறார். கல்லணையையே உடைத்ததாகக் குறித்துக்கொண்டேன். தவறு. அவர் சொல்வது கல் கட்டுமானம் அல்ல, மண்மேடு. நம் வழக்கில் கரை. கொய்லாடி, கல்லணைக்கு அருகிலுள்ள கோவிலடி. வெட்டுப்பட்டது, காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் சரியாமல் தடுத்த கரை.

அடுத்த திருத்தம் பெரியது. கரை உடைந்தால் வெள்ளம் என்றே எண்ணியிருந்தேன். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நீர் அங்கே ஓடிவிடும், தஞ்சை வயல் காயும். அப்படியானால் கோவிலடி 56க்கு உரியதல்ல. பாசன அமைப்புகளைக் காக்கும் 54ஆம் பிரிவுக்கு உரியது. உலையோடு நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. கோப்பைக் கட்டி வைத்துவிட்டேன்.

அதை மீண்டும் அவிழ்க்க வைத்தது ஒரு போர்ச் செய்தி: 2023 ஜூன் 6 அன்று உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தது. கீழே ஊர்கள் மூழ்கின. மேலே, ரஷ்யப் படையின் பிடியிலிருந்த சப்போரிஜியா அணுமின் நிலையத்துக்கு நீர் தந்த நீர்த்தேக்கம் வடிந்தது. உலை மேல் குண்டு விழவில்லை. வாய்க்கால் வறண்டது, கோவிலடி போலவே. மின் உற்பத்தியை நிறுத்திய பின்னும் எரிபொருளில் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும், நீர் வேண்டும். வளாகத்துக் குளமும், பின்னர் தோண்டிய கிணறுகளும் கைகொடுத்தன.

ஜெனீவா நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. நம்மிடம் இருப்பது வேறு தாள்: 1988 டிசம்பர் 31 அன்று பாகிஸ்தானுடன் கையெழுத்தான, அணு நிலையங்களைத் தாக்காமை ஒப்பந்தம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டும் கூடம் எல்லாம் அதன் வரையறையில் உண்டு. அவற்றுக்கு நீர் தரும் அணை இல்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ சேதம் செய்யக் கூடாது என்கிறதே, அதில் அணையை உடைப்பதும் அடங்காதா என்று கேட்கலாம். அடங்கலாம், ஆனால் நிலையத்தைச் சேதப்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். வேறு எதற்காகவோ அணையை உடைப்பவன் அந்த வரியில் நழுவிவிடுவான் என்பது என் வாசிப்பு. இது வெறும் சொல் வாதம் அல்ல: ராஜஸ்தானின் ராவத்பாட்டா அணுமின் நிலையம் சம்பல் நதி நீர்த்தேக்கத்தின் கரையிலும், பாகிஸ்தானின் சஷ்மா அணுமின் நிலையம் சிந்து நதிக்கரையிலும் நிற்கின்றன.

நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல் இருக்கிறது, வற்றாது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை நிறுத்த வேண்டி வந்தது. சுனாமி புகுந்தது உலைக்குள் அல்ல, கடல்நீர் இறைக்கும் பம்ப் அறைக்குள்.