டிரெசரும் பதிவேடும்

குருபோங் போன்ற மலாக்காத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு 'டிரெசர் ஐயா' பாதி டாக்டர். டாக்டர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தவரும், காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், யாரை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவரும் டிரெசரே.

இவர்களில் பலர் மூத்த டிரெசரிடம் கூடவே நின்று தொழில் கற்றவர்கள். கையில் தொழில் இருந்தது. அதற்குச் சான்று துரை கொடுக்கும் கடிதம். வேறு தோட்டத்துக்குப் போனால் அங்குள்ள துரை அதை மதிக்க வேண்டும்.

தாதியருக்கு 1950-இலேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. தோட்ட மருத்துவ உதவியாளருக்கு 1965-இல் வந்தது. பதினைந்து ஆண்டுத் தாமதந்தான். ஆனாலும் மருத்துவ உதவியாளர்களுக்கான பொதுச் சட்டம் 1977-இல்தான் பிறந்தது, தோட்டம் முந்திக்கொண்டது! டாக்டர் அருகில் இல்லாமல் தனியே மருந்து கொடுப்பவருக்கே முதலில் தகுதி கேட்க வேண்டும் அல்லவா? அதுவே காரணம் என்பது நம் எண்ணம்.

அதன்பின் டிரெசரின் தகுதியைச் சொல்லத் துரையின் கடிதம் வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது. சம்பளம் மட்டும் தோட்டத்துக் கணக்கில்தான். காய்ச்சலில் கிடப்பவருக்கு லீவு எழுதும்போது அவர் துரையின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.