ஹெர்ன்ஹுட்டின் தினவசனம்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து, செக் நாடுகளின் எல்லைக்கு மிக அருகில் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூர் இருக்கிறது. நாளுக்கு ஒரு வேதவசனம் என்ற வழக்கம் ஆண்டு நூலாக உருவெடுத்தது இங்கேதான். 1731ஆம் ஆண்டுக்கான முதல் பதிப்பு தொடங்கி இன்றுவரை ஓர் ஆண்டுகூட விடுபடாமல் அந்த நூல் வந்துகொண்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதற்கு ‘லோசுங்கன்’ என்று பெயர். இரவுக் காவலர்களுக்குப் படைத்தலைவன் சொல்லியனுப்பும் அடையாளச் சொல்லைக் குறிக்கும் பட்டாளத்துச் சொல் அது. இன்று இந்நூலைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் காலையில் தனியே அமர்ந்து வாசிக்கிறார்கள். தொடக்கத்தில் இது தனி வாசிப்புக்காக ஏற்பட்டதே அல்ல. சண்டை போட்டு ஓய்ந்திருந்த ஒரு கிராமத்தைச் சேர்த்துப் பிடித்து வைக்க வந்த ஏற்பாடு அது.

வழக்கத்தின் வேர் பொகேமியாவிலும் மொராவியாவிலும் இருக்கிறது. 1415இல் ஜான் ஹஸ் கொளுத்தப்பட்ட பின், அவர் வழிவந்தவர்களில் ஒரு பிரிவினர் 1457இல் குன்வால்ட் என்ற ஊரில் ‘சகோதரர் ஐக்கியம்’ என்ற சபையை அமைத்தார்கள். சாதாரண மக்களும் வேதத்தைத் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்பதில் இவர்கள் உறுதியாக இருந்தார்கள். 1579 முதல் 1593 வரை செக் மொழியில் ஆறு பாகங்களாக அச்சான கிராலிட்சே வேதாகமம் இவர்களுடைய உழைப்பு. 1620இல் வெள்ளைமலைப் போரில் புரொட்டஸ்டன்ட் பிரபுக்கள் தோற்றார்கள். அதன்பின் ஹாப்ஸ்பர்க் அரசு இச்சபையைத் தடைசெய்தது. போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், நூல்கள் எரிக்கப்பட்டன. எஞ்சிய குடும்பங்கள் வேதாகமத்தை ஒளித்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தன. சபையும் போதகரும் இல்லாத இடத்தில் வீட்டு வாசிப்பே சபையாக இருந்தது. மூன்று நான்கு தலைமுறை இப்படிக் கழிந்தது.

1722இல் அந்தக் குடும்பங்களில் சில, கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சரின் வழிகாட்டலில் எல்லை தாண்டி சாக்ஸனிக்குள் வந்தன. அவர்களுக்கு இடம் கொடுத்தவர் நிக்கோலாஸ் லுட்விக் ஃபான் சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபு. பெர்தெல்ஸ்டார்ஃப் என்ற தம் பண்ணை நிலத்தின் ஒரு பகுதியை அவர் ஒதுக்கினார். 1722 ஜூன் 17 அன்று டேவிட் அங்கே முதல் மரத்தை வெட்டிச் சாய்த்தார். குடியிருப்புக்கு ‘கர்த்தருடைய காவல்’ என்ற பொருளில் ஹெர்ன்ஹுட் என்று பெயர் வந்தது.

சின்சென்டார்ஃப் 1700இல் டிரெஸ்டனில் பிறந்தவர். தகப்பன் சீக்கிரமே இறந்துவிட, பாட்டி வளர்த்தார். பத்து வயதில் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு, அவுகுஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கேயின் பள்ளியில் 1716 வரை படித்தார். பக்தி இயக்கத்தின் தலைமையகம் என்று சொல்லத்தக்க இடம் அது. ஏழைகளும் வாங்கும் விலையில் வேதாகமம் அச்சிட 1710இல் தொடங்கிய கான்ஸ்டைன் நிறுவனம் அங்கேதான் இருந்தது. தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை ஆயத்தப்படுத்தி அனுப்பியதும் ஹாலேதான். 1715இல் அந்த மிஷனெரிகளில் ஒருவரான சீகன்பால்கு தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பா திரும்பியபோது, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் வந்தார். ஃப்ராங்கேயின் வீட்டு மேசையில் மிஷனெரிகள் சொன்ன கதைகளைக் கேட்ட மாணவர்களில் சின்சென்டார்ஃபும் ஒருவர். பிற்காலத்தில் அவர் சபை கடல் கடந்து போனதற்கு இந்த மேசைப் பேச்சும் ஒரு காரணம்.

ஹெர்ன்ஹுட் அமைதியாக வளரவில்லை. மொராவிய அகதிகளோடு லுத்தரன்களும், சீர்திருத்த சபையாரும், ஷ்வெங்க்ஃபெல்ட் வழியினரும் வந்து குடியேறினார்கள். எந்த முறையில் ஆராதிப்பது, பெர்தெல்ஸ்டார்ஃப் ஊர்ப் போதகர் ரோத்தேக்குக் கீழ்ப்படிவதா இல்லையா என்று தகராறு முற்றியது. அடைக்கலம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் என்று ஒருவர் பேசும் அளவுக்குப் போனது. சின்சென்டார்ஃப் டிரெஸ்டன் அரசவை வேலையிலிருந்து விலகி ஊரிலேயே தங்கினார். வீடுவீடாகப் போய்ப் பேசினார். 1727 மே 12 அன்று ஊரார் ஒரு சகோதர உடன்படிக்கைக்கு ஒத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தை மொராவியர்கள் தங்கள் சபையின் மறுபிறப்பாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். இந்த மணிக்கணக்கு ஜெபம் நூறு ஆண்டுக்கு மேல் தொடர்ந்தது என்பது மொராவிய மரபு.

தினவசனம் இந்தச் சூழலில் பிறந்தது. 1728 மே 3 மாலை, பாட்டுக் கூட்டம் முடியும் வேளையில், மறுநாள் முழுவதும் மனதில் வைத்திருக்கும்படி சின்சென்டார்ஃப் சபையாருக்குச் சில வரிகளைச் சொன்னார். அவை வேதவசனம்கூட அல்ல, அவரே எழுதிய ஞானப்பாட்டின் அடிகள். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. பின்பு வேதவசனங்களே பெரும்பாலும் இடம்பெறலாயின. காலையில் ஒரு சகோதரர் ஊரின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் போய் அன்றைய வசனத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடவில்லை. வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை, யார் மனம் சோர்ந்திருக்கிறார், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று விசாரித்துவிட்டுப் போவது அவர் வேலையின் பாதி. வசனம் கொண்டுபோனவர் ஊரின் நிலவரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். மாலைக் கூட்டத்தில் அதே வசனம் மீண்டும் பேசப்பட்டது, பாடப்பட்டது. இதில் கண்காணிப்பின் சாயல் இருக்கிறது என்று இன்றைய வாசகருக்குத் தோன்றினால் அது தவறான எண்ணமல்ல. யாருடைய ஆன்மிக நிலையும் அந்த ஊரில் அவருடைய சொந்த விவகாரமாக விடப்படவில்லை.

மூன்றாண்டில் வசனங்கள் அச்சேறின. ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் முன்கூட்டியே வரிசைப்பட்டுவிட்டதால், வீட்டு வாசலில் வந்து நின்று சொல்ல ஆள் தேவைப்படவில்லை. புத்தகம் வைத்திருப்பவர் எங்கே இருந்தாலும் அன்றைய வசனம் அவரிடம் இருந்தது. வழக்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. ஊருக்குள் அடங்கியிருந்தது பரவ முடிந்தது இதனால்தான். வாசற்படிப் பேச்சு மறைந்ததும் இதனால்தான். சாக்ஸனி அரசு 1736இல் சின்சென்டார்ஃபை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பத்தாண்டுக்கு மேல் அவர் ஊர் ஊராக அலைந்தார், அமெரிக்கா வரை போனார். அப்போதும் நூல் நிற்கவில்லை. அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1762இல், 1731 முதல் 1761 வரையிலான தினவசன நூல்கள் தொகுக்கப்பட்டு பார்பி என்ற ஊரில் நான்கு பாகங்களாக அச்சிடப்பட்டன.

வசனங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் திருவுளச்சீட்டுக்கு முக்கிய இடம் உண்டு. யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீஷர்கள் சீட்டுப் போட்ட செய்தி அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதையே மொராவியர்கள் முன்மாதிரியாகக் கொண்டார்கள். வசனத்துக்கு மட்டுமல்ல, யாரை எந்த நாட்டுக்கு அனுப்புவது, யாரை மூப்பராக்குவது, யார் யாரை மணம் செய்வது என்பவற்றுக்கும் சீட்டு எடுத்தார்கள். திருமணச் சீட்டு முணுமுணுப்பைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. சபையார் அனைவருக்குமான அந்தக் கட்டாயம் 1818இல் கைவிடப்பட்டது. மற்றச் சீட்டுகளும் படிப்படியாக மறைந்தன. தினவசனச் சீட்டு மட்டும் தங்கியது. சின்சென்டார்ஃப் காலத்தில் வசனங்களைத் தொகுத்ததில் அவருடைய கை ஓங்கியிருந்தது. 1788க்குப் பிறகு பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டில் எடுப்பது நிலையான முறையானது.

வசனச் சீட்டு ஹெர்ன்ஹுட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஹாலேயின் பக்தி வட்டத்தைச் சேர்ந்த போகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட ‘பொற்பேழை’ என்ற தியான நூலின் வசனங்கள் தனித்தனி அட்டைகளாகவும் பெட்டியில் போட்டு எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டுச் சபைகளில் புத்தாண்டு ஆராதனையின்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கம் பலருக்கும் தெரிந்தது. இரண்டுக்கும் நேரான வம்சாவளி காட்டுவது கடினம். ஆனால் குடும்பச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. வாக்குத்தத்த அட்டை எடுத்தவருக்கே உரியது. ஹெர்ன்ஹுட்டின் சீட்டு அன்றைய நாளுக்கு உரியது, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை.

1732 ஆகஸ்டில் லியோன்ஹார்ட் டோபரும் டேவிட் நிட்ஷ்மனும் கரீபியத் தீவான செயின்ட் தாமசின் அடிமை மக்களிடையே ஊழியம் செய்யப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கிரீன்லாந்துக்குச் சிலர் போனார்கள். அதன்பின் தென்னாப்பிரிக்கா, சுரினாம், லாப்ரடார் என்று வரிசை நீண்டது. போனவர்கள் குயவர், தச்சர், நெசவாளர். ஒருவரையொருவர் மறுபடி பார்ப்போமா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே நாளில் ஒரே வசனத்தை வாசிக்கிறோம் என்ற நினைவுக்கு அந்த நிலையில் இருந்த மதிப்பைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

தரங்கம்பாடிக்கு மொராவியர்கள் வந்தது 1760இல், சின்சென்டார்ஃப் மறைந்த அதே ஆண்டில். நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் அமைக்க விரும்பிய டேனிஷ் அரசுத் தரப்பு அவர்களை அழைத்திருந்தது. தரங்கம்பாடி அதற்கு இடைத்தங்கல். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். விவசாயமும் கைத்தொழிலும் செய்து தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஐம்பதாண்டுக்கு முன்பே வேரூன்றியிருந்த ஹாலே மிஷனெரிகளுக்கு இவர்கள் வரவு பிடிக்கவில்லை. ஹாலேயின் மேசையில் கதை கேட்ட சிறுவனின் சபையை ஹாலேயின் ஆட்களே எதிர்த்தது ஒரு வேடிக்கை. 1768இல் தொடங்கிய நிக்கோபார் முயற்சி காய்ச்சலாலும் சாவுகளாலும் தளர்ந்து 1787இல் முடிந்தது. தோட்டமும் 1803இல் கைவிடப்பட்டது. தமிழரிடையே சபை எதுவும் நிலைக்கவில்லை. இந்தியாவில் மொராவிய சபை நிலைத்த இடம் லடாக். 1885இல் லே நகரில் தொடங்கிய ஊழியத்தின் சபை இன்றும் அங்கே இருக்கிறது.

தினவசன முறைக்கு எதிர்ப்பும் பழையது. முன்பின் வசனங்களிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து எடுத்தால் எழுதியவர் நினைக்காத பொருளெல்லாம் அதில் ஏறும் என்பது முதல் குறை. சீட்டில் வந்ததைத் தேவன் இன்று எனக்கென்றே சொன்னதாகக் கொள்வது குறிகேட்பதற்குச் சமம் என்பது இரண்டாவது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மொராவியர்கள் இதற்கு வாதத்தால் பதில் சொன்னதைவிட நூலின் அமைப்பால் சொன்னது அதிகம். சீட்டில் வந்த பழைய ஏற்பாட்டு வசனத்தோடு, அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை யோசித்துத் தேர்ந்து ‘போதனை வசனம்’ என்று சேர்க்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பாட்டடியோ சிறு ஜெபமோ வருகிறது. சீட்டுக்கு விட்டது ஒன்று, ஆளின் சிந்தனைக்கு விட்டது இரண்டு. தொடர்ந்து வேதம் வாசிப்பதற்கான பகுதிகளும் அதே பக்கத்தில் குறிக்கப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் நூல் மொராவிய வட்டத்தைத் தாண்டி லுத்தரன் வீடுகளில் நுழைந்துவிட்டது. ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் இதை வாசித்ததோடு தம் பிரதிகளில் கோடிட்டுக் குறிப்பும் எழுதினார். இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரின் வாழ்வில் இந்நூல் இன்னும் ஆழமாக ஊடாடியது. 1939 கோடையில் நியூயார்க்கில் பத்திரமாகத் தங்கியிருக்கும் வாய்ப்பு இருந்தும், ஜெர்மனிக்குத் திரும்பலாமா என்று தவித்த நாள்களின் நாட்குறிப்பில் தினவசனங்கள் இடம்பெறுகின்றன. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அந்தச் சதி வட்டத்தோடு தொடர்புள்ள அவர் அப்போது டேகல் சிறையில் இருந்தார். மறுநாள் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் முந்தைய நாளின், அன்றைய நாளின் தினவசனங்களைக் குறிப்பிடுகிறார். சிறைக்கு வெளியே இருந்த நண்பரும் அதே வசனத்தைத்தான் வாசித்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்த மாதம், போர் முடிந்த நாள்களில், ஹெர்ன்ஹுட்டின் மையப்பகுதி தீயில் அழிந்தது. சபை மண்டபமும் போயிற்று. பின்னர் ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் அடங்கியது. நாடு இரண்டான காலத்திலும் நூல் எல்லையின் இருபுறமும் வெளிவந்தது.

இன்று சீட்டு எடுப்பது ஹெர்ன்ஹுட்டில், ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகளுக்கு முன்னதாக. பழைய ஏற்பாட்டிலிருந்து தொகுத்த சுமார் 1,800 வசனங்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்களை ஒரு கிண்ணத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுக்கிறார்கள். இடைவெளி அதிகமாகத் தோன்றலாம். போதனை வசனத்தைத் தேர்வதற்கும், ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நூலை ஆயத்தம் செய்வதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கிறது. பார்வையற்றோருக்கான பதிப்பும், பெரிய எழுத்துப் பதிப்பும், செயலியும் உண்டு. 2024 ஜூலையில் யுனெஸ்கோ ஹெர்ன்ஹுட்டை, அமெரிக்காவின் பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகிய மொராவியக் குடியிருப்புகளோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டென்மார்க்கின் கிறிஸ்டியன்ஸ்ஃபெல்ட் 2015லேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.