தமிழ்க் கிறித்தவரின் அன்றாடத் துதி

துதி என்பது வேண்டுதல் எதனையும் முன்வைக்காமல், இறைவனின் இயல்பையும் செயலையும் எண்ணி அவரைப் புகழ்ந்து போற்றும் வழிபாட்டு வகையாகும். சீர்திருத்தச் சபையார் இதனைத் துதி, ஸ்தோத்திரம் எனவும், கத்தோலிக்கர் இக்காலத்தில் பெரும்பாலும் புகழ்ச்சி எனவும் வழங்குவர். விவிலியத்தின் சங்கீத நூலே இதற்கு ஊற்று. நாள்தோறும் ஏழுமுறை இறைவனைத் துதிப்பதாகக் கூறும் 119ஆம் சங்கீதத்தைப் பின்பற்றி, மேலைத் துறவு மடங்கள் நாளின் குறித்த வேளைகளை இறைபுகழுக்கென ஒதுக்கிக்கொண்டன. உழைத்துப் பிழைக்கும் இல்லறத்தார்க்கு அம்முறை ஒத்துவராமையால், ஒவ்வொரு நாட்டிலும் வீட்டுக்கேற்ற துதி முறைகள் தனியே உருவாயின. தமிழகத்தில் உருவானவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தொடக்கம்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றனரெனினும், மன்றாட்டுகளைத் தம் மொழியில் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு 1542இல் சவேரியார் வந்த பின்னரே கிட்டியது. போர்த்துக்கீசிய மொழி அறிந்த உள்ளூரார் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் ஆகியவற்றை அவர் தமிழாக்குவித்தார். பின்னர் கையில் மணியுடன் ஊருக்குள் நடந்து, ஆடவரையும் சிறுவரையும் நாளுக்கு இருமுறை கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்ததையும், கற்ற சிறுவர்கள் அதனைத் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்க வேண்டுமெனப் பணித்ததையும் 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே விவரித்துள்ளார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த கடற்கரை ஊர்களில் வழிபாடு அறுபடாமல் நின்றதற்கு இவ்வேற்பாடே காரணம். தமிழ்க் கிறித்தவத்தில் வீட்டு வழிபாடு தொடங்கிய இடமும் இதுவே.

ஓதி வந்த இம்மன்றாட்டுகள் விரைவில் அச்சேறின. 1554இல் லிஸ்பனில் வெளியான போர்த்துக்கீசியத் தமிழ்ச் செபநூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட இச்சிறு நூல்தான் இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் எனும்போது, தமிழ் அச்சுக்கலையின் பிறப்புக்கே அன்றாட மன்றாட்டின் தேவைதான் காரணம் என்பது விளங்கும். அடுத்த நூற்றாண்டுகளில் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் பெரிதும் வளர்ந்தது. ஆயினும் வீரமாமுனிவரின் தேம்பாவணி புலவர் அவையில் பெற்ற இடத்தை வீட்டு வழிபாட்டில் பெறவில்லை.

ஞானப்பாட்டு

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவரைத் தொடர்ந்த லுத்தரன் மிஷனரிகளும், தம் நாட்டில் பட்டறையிலும் அடுக்களையிலும் பாடப்பட்ட ஜெர்மானியத் துதிப்பாக்களை அவற்றின் மெட்டுக் கெடாமல் தமிழாக்கினர். இவையே ஞானப்பாட்டுகள். இத்துறையில் முதன்மையானவர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரிஷியஸ் (1711–1791). அவருடைய பாக்கள் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. பொருளாழம் மிக்கவையெனினும், அயல் மெட்டின் அசைகளுக்கு அடங்க வேண்டியிருந்ததால் இவற்றின் தமிழ் பல இடங்களில் இயல்பு குன்றியே நிற்கிறது. ஆலயத்தில் ஆர்கனுடன் சேர்ந்து ஒலித்தபோது பொருந்திய இப்பாட்டுகள், பக்க இசையில்லாத வீட்டுத் திண்ணையில் அதே அளவு வேர்கொள்ளவில்லை.

வேதநாயக சாஸ்திரியாரும் கீர்த்தனையும்

அக்குறையை நீக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ச் ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இவர், அவரிடமே பயின்ற இரண்டாம் சரபோஜி மன்னருக்கு நண்பராகவும், பிற்காலத்தில் அம்மன்னருடைய ஆதரவு பெற்ற புலவராகவும் விளங்கினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளுடன் இராகதாளம் அமைந்த கீர்த்தனையைத் தஞ்சை இசைச் சூழலிலிருந்து எடுத்துக் கிறித்தவத் துதிக்கு உரிய வடிவமாக்கினார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம் முதலிய பெருநூல்களோடு, நீர் இறைப்போர் பாடும் முறையில் ஞான ஏற்றப்பாட்டும் இயற்றினார். ஆலயத்துக்கு வெளியே, தொழில் செய்யும் கைகளுக்கு இடையிலும் துதி ஒலிக்க வேண்டும் என்ற அவரது நோக்கத்திற்கு இந்நூலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1820களில் வந்த புதிய மிஷனரிகளுக்கும் சாஸ்திரியாருக்கும் கடும் பிணக்கு மூண்டது. வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது, திருமணத்திலும் துக்கத்திலும் பூக்களை விலக்கியது, வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தது, திருவிருந்தில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டது ஆகிய நான்கையும் அவர் எதிர்த்தார். சாதி பற்றிய அவரது நிலைப்பாடு அக்கால வேளாளக் கிறித்தவரின் பொது மனப்பாங்கேயாகும். இசை பற்றிய நிலைப்பாட்டிலோ காலம் அவர் பக்கமே நின்றது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்களையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அதன்பின் கீர்த்தனை சபை வேறுபாடின்றிச் சீர்திருத்தக் கிறித்தவர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. பின்வந்தோருள் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), வைணவப் பின்னணியிலிருந்து தாம் கொண்டுவந்த பக்திச் சுவையை இரட்சணிய மனோகரத்திலும் போற்றித் திருவகவலிலும் பொழிந்தார்.

வீட்டு வழிபாடு

குடும்ப ஜெபம் என்பது மாலையிலோ இரவு உணவுக்கு முன்போ வீட்டார் பாயில் அமர்ந்து நடத்தும் சிறு வழிபாடு. ஒரு கீர்த்தனை அல்லது ஞானப்பாட்டு, ஒரு சங்கீதம், வேதவாசிப்பு, முழங்காற்படியிட்டு ஜெபம், இறுதியில் அனைவரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபம் என்பது பெரும்பாலும் அதன் ஒழுங்கு. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனையின் தலைப்பிலும் செஞ்சுருட்டி, சங்கராபரணம் என இராகமும், ஆதி, ரூபகம் எனத் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். இசை முறையாகக் கற்காத குடும்பங்களிலோ மெட்டு பாட்டியின் குரலிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. ஒரே கீர்த்தனை ஊருக்கு ஊர் சிறிது வளைந்து ஒலிப்பது இதனால்தான். துக்க வீட்டில் உடலைச் சூழ்ந்து இரவு முழுதும் கீர்த்தனை பாடுவதும், உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும், அறுப்பின் பண்டிகையில் விளைச்சலின் முதற்பலனைப் படைப்பதும் துதியின் பகுதிகளாகவே கொள்ளப்படும். நெல்லை, குமரி மாவட்டங்களில் ‘ஸ்தோத்திரம்’ என்பது வழியில் போதகரைக் காண்போர் கைகூப்பிச் சொல்லும் வணக்க மொழியுமாகும்.

கத்தோலிக்க இல்லங்களில் காலை, நண்பகல், மாலை என ஆலய மணிக்கு ஏற்பச் சொல்லும் மூவேளைச் செபமும், மே, அக்டோபர் மாதங்களில் சிறப்புறும் செபமாலையும் இதே இடத்தைப் பெறுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) திருப்பலி தமிழில் அமைந்ததோடு, குருக்களும் துறவியரும் ஓதிவந்த திருப்புகழ்மாலையும் தமிழில் கிடைக்கலாயிற்று.

இன்றைய நிலை

பெந்தெகொஸ்தே சபைகளின் தாக்கத்தால், ஒவ்வொரு வரியும் ‘ஸ்தோத்திரம்’ என முடியும் ஆயிரம் துதிகள் அடங்கிய ஸ்தோத்திரபலி நூல்கள் பிற சபையார் வீடுகளிலும் பரவியுள்ளன. பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற புதிய துதிப்பாடல்கள் முதலில் ஒலிநாடா வழியாகவும், இப்போது கைப்பேசி வழியாகவும் பயிலப்படுகின்றன.