பெண்கள் வரலாற்று ஆய்வில் இணையத் தரவுகள்: தேவதாசி ஒழிப்பு விவாதத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெண்கள் வரலாற்றுக்குரிய மூலங்கள் இன்று பெருமளவில் மின்படிகளாகக் கிடைக்கின்றன. இவற்றின் வரவு ஆய்வை எளிமையாக்கியுள்ளது. எனினும், எவருடைய குரல் எளிதில் கிடைக்கிறது, எவருடைய குரல் கிடைப்பதில்லை என்ற வினா எஞ்சி நிற்கிறது. சென்னை மாகாணத்தில் 1927 முதல் 1947 வரை நிகழ்ந்த தேவதாசி ஒழிப்பு விவாதத்தைச் சான்றாகக் கொண்டு, இணையத் தரவுகளைப் பயன்படுத்தும்போது கைக்கொள்ள வேண்டிய நெறிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெண்கள் வரலாறு, மின்னூலகம், தேவதாசி, தளிச்சேரிப் பெண்டுகள், முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஆய்வறம்

முன்னுரை

பெண்களைப் பற்றிய ஆவணங்கள் மிகுதி. பெண்களே உருவாக்கிய ஆவணங்கள் குறைவு. அச்சு ஆவணங்களுக்குப் பொருந்தும் இக்கூற்று மின்னாவணங்களுக்கும் பொருந்தும். நூலகங்களும் காப்பகங்களும் தம்மிடம் உள்ளவற்றையே மின்வடிவாக்குகின்றன. ஆகவே, சேகரிப்பில் இருந்த ஏற்றத்தாழ்வு மின்படியிலும் தொடர்கிறது. தேடுபொறியோ கிடைத்தவற்றை மட்டும் பட்டியலிட்டு, கிடைக்காதவை இல்லாதவை என்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. இத்தோற்றத்தைக் கடந்து செல்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

தரவகங்களும் அவற்றின் இயல்பும்

ஒவ்வொரு தரவகமும் ஒரு நோக்கத்தில் தோன்றியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் இலக்கிய நூல்களை மின்னுரையாக்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழந்தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் பெயர்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பல நிறுவனங்களின் நூல்களை ஒருங்கே தருகிறது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளைப் பேணிவருகிறது. பெண்கள் வரலாற்றையே முதன்மை நோக்கமாகக் கொண்டது மும்பையில் 1988-இல் நிறுவப்பட்ட ஸ்பாரோ. நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், அம்பை என்னும் சி.எஸ்.லட்சுமி ஆகியோர் நிறுவிய இக்காப்பகம், எழுதப்படாத வரலாற்றை ஒலியிலும் படத்திலும் பதிவுசெய்யும் பணியை மேற்கொண்டது.

இவற்றுள் ஸ்பாரோ ஒழிந்த ஏனையவை, நூலும் இதழும் எழுதியோரின் உலகையே பெரிதும் காட்டுகின்றன. எழுத்தறிவு வாய்க்காத பெண்களின் தடம் காண வேண்டுமாயின் விண்ணப்பம், வழக்குமன்றத் தீர்ப்பு, கோயில் கணக்கு, வாய்மொழிப் பதிவு என வேறு வகை மூலங்களை நாட வேண்டும்.

சொல்லும் தேடலும்

தேவதாசி என்ற சொல்லை இட்டுத் தேடும் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுச் சான்றுகளே கிட்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள், பதியிலார், தேவனார் மகளார் முதலிய சொற்கள் வழங்குகின்றன. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அவர்தம் பெயர், முன்னர்ப் பணியாற்றிய கோயில், குடியமர்த்தப்பெற்ற தெருச்சிறகு, வீட்டின் வரிசை ஆகியவற்றோடு பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் வழங்கப்பட்டது. இவ்வளவு விரிவான பெண்பாற் பெயர்ப்பட்டியல் இடைக்காலத் தமிழகத்தில் அரிது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்த இதனை, ‘தேவதாசி’ என்ற ஒற்றைச் சொல்லால் தேடுவோர் காணத் தவறுவர்.

இச்சொல் வேறுபாடு பொருள் வேறுபாட்டையும் உணர்த்துகிறது. கோயிற்பெண்டிர் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்த லெஸ்லி ஓர், தம் நூலில் (2000), அப்பெண்டிர் ஆடல்மகளிராகக் காட்சியளிப்பதைவிடக் கோயிலுக்குக் கொடை வழங்கியோராகவே மிகுதியும் காட்சியளிப்பதை நிறுவினார். பிற்காலச் சொல்லைக் கொண்டு முற்காலச் சான்றைத் தேடினால், பிற்காலப் பொருளே முற்காலத்தின்மீது ஏற்றப்பட்டுவிடும். தாசி, பொட்டுக்கட்டுதல், நாட்டியப் பெண், இசை வேளாளர் எனக் காலந்தோறும் இடந்தோறும் மாறிய வழக்குகளைப் பட்டியலிட்டுக்கொண்டு தேடலைத் தொடங்குவதே முறை. ஆங்கில ஆவணங்களில் ‘டான்சிங் கேர்ள்’ என்ற தொடரும் இவ்வகையில் சேர்க்கத்தக்கது.

பெயரும் எழுத்தும்

பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களைக் காட்டிலும் நிலையற்றவை. திருமணத்தால் பெயர் மாறும். கணவர் பெயரோடு திருமதி எனச் சுட்டப்படும். அம்மாள், அம்மையார், தேவி என்னும் ஒட்டுகள் சேர்ந்தும் நீங்கியும் வரும். முத்துலட்சுமி அம்மாள் 1914-இல் நிகழ்ந்த திருமணத்தின்பின் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். அவர் பெயரே லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என முவ்வகையாக எழுதப்படுகிறது. இராமாமிர்தம், ராமாமிர்தம், ராமாமிருதம் என்பனவும் ஒருவரையே குறிப்பன. மேலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தேடினால், அவர் பெயரில் அமைந்த அரசு நலத்திட்டங்கள் பற்றிய செய்திகளே முந்திக்கொண்டு வருகின்றன. அவருடைய எழுத்துகள் பின்தங்கிவிடுகின்றன.

எழுத்துருவும் தடையாகிறது. தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரக்குறி யானைத் துதிக்கை போல் எழுத்தின் மேல் வளைந்திருக்கும். ணா, றா, னா ஆகியனவும் தனிவடிவம் கொண்டவை. எழுத்துணரி மென்பொருள்கள் இவற்றைப் பிழையாகப் படிப்பதுண்டு. அம்மின்படியில் ‘மனைவி’ எனத் தேடுவோர்க்கு அச்சொல் கிட்டாமற்போகலாம். ஆகவே, 1905-இல் பாரதியார் ஆசிரியராக இருந்த சக்கரவர்த்தினி, வை.மு.கோதைநாயகி அம்மாளின் ஜகன்மோகினி போன்ற மகளிர் இதழ்களின் மின்படிகளைப் பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு மாற்று இல்லை.

சட்டமன்றக் குரலும் விண்ணப்பக் குரலும்

சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில், சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் மேற்கொள்ளப்பட்ட திருத்தம், தேவதாசியர் அனுபவித்த இனாம் நிலங்களைக் கோயிற்பணி என்னும் கட்டினின்று விடுவித்தது. முழுமையான தடைச் சட்டமோ ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவைக் காலத்தில், 1947-இலேயே நிறைவேறியது.

இவ்வரலாற்றின் சீர்திருத்தத் தரப்பு மின்னுலகில் வளமாகப் பதிவாகியுள்ளது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், முத்துலட்சுமி ரெட்டியின் ஆங்கில நூல்கள், இந்திய மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழ் ஆகியவை ஆய்வாளர்க்கு அறிமுகமானவை. எதிர்த்தோருள் எஸ்.சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்களின் நிலைப்பாடும் பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால், சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படவிருந்த பெண்கள் சங்கம் அமைத்து அரசுக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் அரசாணைக் கோப்புகளுக்குள் அடங்கிக் கிடந்தன. தம்மைப் பரத்தையரோடு ஒன்றாக எண்ணுதல் தகாது என்றும், தத்தெடுக்கவும் சொத்துரிமை பெறவும் தமக்குள்ள வழக்காற்று உரிமை பறிபோகும் என்றும், வேண்டுவது தண்டனையன்று, கல்வியே என்றும் அவர்கள் வாதிட்டனர். இவ்வாதங்களை ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளரைப் பொறுத்தது. அவற்றைக் கேளாமலே முடிவுக்கு வருவது வரலாற்றாய்வு ஆகாது.

எனினும் இதனைச் சீர்திருத்தக்காரர் ஒருபுறம், தேவதாசியர் மறுபுறம் எனப் பிரித்துக் காண்பதும் பிழையாகும். முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அம்மரபில் பிறந்தவர். அம்மரபின் வாழ்வை உள்ளிருந்து அறிந்த இராமாமிர்தம் அம்மையார், சுயமரியாதை இயக்கத்தில் நின்று அம்முறையை வன்மையாக எதிர்த்ததோடு, 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தையும் வெளியிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் ஒழிப்பை எதிர்த்துச் சங்கப் பணியில் ஈடுபட்டனர். ஒரே மரபினின்று தோன்றிய இம்முரண்பட்ட குரல்களை ஒருசேர வைத்துப் படித்தால்தான் விவாதத்தின் முழுமை புலப்படும். ஒரு தரவகத்தில் மட்டும் தேடுவோர்க்கு இம்முழுமை வாய்க்காது.

பதிப்பும் மின்படியும்

மின்படி எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அடிப்படை வினா. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை மராத்தியர் அவையில் விளங்கிய முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ராதிகா சாந்தவனம் இதற்குத் தக்க சான்று. 1887-இல் வெளிவந்த பதிப்பில் நூலாசிரியை தம்மைப்பற்றிக் கூறிய முகப்புப் பகுதி விடுபட்டிருந்தது. சுவடியோடு ஒப்புநோக்கிய நாகரத்தினம்மாள் 1910-இல் முழுமையான பதிப்பை வெளிக்கொணர்ந்தார். ஆபாசம் எனக் குற்றஞ்சாட்டி அரசு அதனைத் தடைசெய்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. முந்தைய பதிப்பின் மின்படியை மட்டும் காண்பவர், ஒரு பெண்கவி தம் பாட்டி, தாய் வழியைப் பெருமிதத்துடன் அறிவித்த பகுதியையே இழந்துவிடுவார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றோடு நின்றுவிடும் நூற்பட்டி இவ்வேறுபாட்டைக் காட்டாது. பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பு வரலாறும் மின்னூற்பட்டியில் இடம்பெற வேண்டும்.

ஆய்வறம்

காப்பகத்தில் தூசுபடிந்து கிடந்த கோப்பை ஒரு சிலரே படித்தனர். அதே கோப்பு சொல்தேடலுக்கு உட்பட்டால் ஊர், குடும்பம், பெயர் ஆகியவற்றைக் கொண்டு எவரும் ஒருவரின் முன்னோரை இனங்காண இயலும். தேவதாசி மரபுப் பின்னணி இன்றும் இழிவாக நோக்கப்படும் சூழலில், வழித்தோன்றல்கள் அப்பழியைச் சுமக்க நேரிடும். பொதுவாழ்வில் ஈடுபட்டுத் தம் கருத்தைத் தாமே அச்சிட்டோரின் பெயரைக் குறிப்பிடுவதும், வழக்கொன்றில் சாட்சியாக நின்ற எளிய பெண்ணின் பெயரை வெளியிடுவதும் ஒன்றல்ல. பிற்காலத்து விண்ணப்பங்களையும் வழக்குகளையும் கையாளும்போது தனிமனிதர் பெயரை மறைத்து, கோப்பு எண்ணை மட்டும் சுட்டுவது போதுமானது. வாய்மொழிப் பதிவுகளுக்கு, தகவல் தருவோரின் ஒப்புதலை இணையத்தில் வெளியிடுவதற்கெனத் தனியே பெறவேண்டும். நேர்காணலுக்கு இசைந்தவர் உலகெங்கும் கேட்கப்படுவதற்கும் இசைந்தார் எனக் கொள்வது தகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. காலத்திற்கேற்ற சொற்பட்டியலோடு தேடலைத் தொடங்கவேண்டும். பெண்களின் பெயர்மாற்றங்களையும் எழுத்து வேறுபாடுகளையும் நிரல்படுத்திய பெயரடைவு ஒன்று தமிழுக்கு உடனடித் தேவையாகும். இதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் கூட்டாக உருவாக்கலாம். மின்படியின் மூலப்பதிப்பை ஆய்வேட்டில் சுட்டவேண்டும். சட்டமன்றப் பேச்சுக்கு இணையாக விண்ணப்பங்களையும் மின்வடிவாக்கும் பணிக்கு முன்னுரிமை வழங்கவேண்டும். தஞ்சைக் கல்வெட்டு நானூறு பெண்களைப் பெயரும் வீடும் சுட்டிப் பதிவுசெய்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விண்ணப்பம் எழுதித் தம் தரப்பை முன்வைத்த பெண்களோ தேடலில் அகப்படாதவர்களாக உள்ளனர். இந்நிலைக்குக் கருவியின் குறைபாடு ஒருபகுதிக் காரணமே. எதனை மின்வடிவாக்குவது, எச்சொல்லால் தேடுவது என்னும் தேர்வுகள் எஞ்சிய பகுதிக்குக் காரணமாகின்றன. இத்தேர்வுகளை மாற்றியமைத்தல் ஆய்வாளர் கையில் உள்ளது.