நாலு அங்குல ஆமையும் ஒரு சட்டமும்



இந்தக் கோடை விடுமுறையில் நம் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை நிற ஆமைக்குஞ்சு, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் பேரனோ பேத்தியோ. கீழே இதயக்குறிகள். "எங்கே வாங்கினீர்கள், என்ன விலை?" என்ற கேள்விகள்.

குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமில்லை. ஆனால் இந்தச் சின்ன ஆமைக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வராத வரலாறு. சொன்னால் பத்து நிமிடம் ஆகும். முன்பு வகுப்பில் மணி அடித்த பிறகும் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த ஆமை யார் என்று பார்ப்போம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா? அப்படியானால் அது ரெட் இயர்டு ஸ்லைடர், தமிழில் செங்காது ஆமை. இது நம் ஊர்க் குளத்து ஆமை இல்லை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. சென்னையின் மீன் தொட்டிக் கடை வரை அது வந்து சேர்ந்த கதையும் இன்றைய பாடத்தில் ஒரு பகுதி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், நம் ஊர் பேன்சி ஸ்டோர் போன்ற மலிவு விலைக் கடைகளில் இந்தக் குஞ்சுகளை விற்றார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு குட்டித் தீவு, அதில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம். நாய் வளர்க்க இடமில்லாத வீட்டிலும் இதை வளர்க்கலாம். குரைக்காது, கடிக்காது, முடி கொட்டாது. குழந்தையின் பிறந்தநாளுக்கு இதைவிட மலிவான, சாதுவான பரிசு எது? லூசியானா மாநிலத்தில் இதற்கென்றே பண்ணைகள் வந்தன. குளம் வெட்டி, தாய் ஆமைகளை விட்டு, முட்டை சேகரித்துக் குஞ்சு பொரித்து நாடெங்கும் அனுப்பினார்கள். 1970 வாக்கில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் விற்றன.

இங்கே கதைக்குள் வருகிறது ஒரு கிருமி. பெயர் சால்மோனெல்லா. சால்மன் மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1885-இல் பன்றிகளின் நோயை ஆராய்ந்தபோது இக்கிருமியைக் கண்டவர் தியோபால்டு ஸ்மித். ஆனால் பெயர் போனது அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்கு. உழைத்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பது ஆய்வகத்திலும் உண்டு போலும்.

இந்தக் கிருமிக் குடும்பத்தில் ஒரு வகைதான் டைபாய்டைத் தருவது. அது மனிதனிடமிருந்து மனிதனுக்குத்தான் வரும். ஆமையிடமிருந்து வருபவை வேறு வகைகள். அவை காய்ச்சல், வயிற்று வலி, பேதி என்று படுத்தும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். கைக்குழந்தைக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் அப்படி இல்லை. கிருமி குடலைத் தாண்டி இரத்தத்தில் கலக்கலாம், மூளை உறையைத் தாக்கலாம், உயிரையும் எடுக்கலாம்.

ஆமைக்கு இதனால் ஒரு நோயும் இல்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். அதன் குடலில் சால்மோனெல்லா சுகமாகக் குடியிருக்கிறது. ஆமை நன்றாக நீந்தும், நன்றாகத் தின்னும், பார்க்கப் பளபளவென்று இருக்கும். கிருமி எச்சத்தோடு வெளியேறித் தண்ணீரில் பெருகும், ஓட்டிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தை ஆமையைக் கையில் எடுக்கிறது, அந்தக் கையாலேயே பிஸ்கட்டையும் எடுக்கிறது. அம்மா தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டிவிட்டு, அதே சிங்க்கில் பால் புட்டியைக் கழுவுகிறாள். ஆமையைத் தொடவே தொடாத தொட்டில் குழந்தைக்கும் கிருமி போய்ச் சேரும் வழி இதுதான்.

1963-இல் அமெரிக்க மருத்துவர்கள், நோயுற்ற குழந்தைக்கும் வீட்டு ஆமைக்கும் உள்ள தொடர்பை முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். பிறகு ஒவ்வொரு மாநிலமாகத் தேட ஆரம்பித்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையின் பெற்றோரிடம் "என்ன சாப்பிட்டது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், "வீட்டில் ஆமை இருக்கிறதா?" என்றும் கேட்கத் தொடங்கினார்கள். சரியான கேள்வியைக் கேட்டதும் விடைகள் வந்து குவிந்தன. 1970-71 ஆண்டுகளை வைத்து ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஆண்டுக்கு 2,80,000 பேருக்கு ஆமைகளால் இந்த நோய் வந்தது. நாட்டின் மொத்த சால்மோனெல்லா நோயில் இது 14 சதவீதம், ஏறக்குறைய ஏழில் ஒன்று. முட்டை, கோழி, பால் என்று பிரிந்து கிடக்கும் ஒரு நோயில் ஒரு விளையாட்டுப் பிராணியின் பங்கு இவ்வளவு!

அரசு உடனே தடை போட்டுவிட்டதா? இல்லை. எல்லா அரசுகளும் முதலில் செய்வதைத்தான் அதுவும் செய்தது: சான்றிதழ் கேட்டது. "கிருமி இல்லாத ஆமை" என்று சோதித்துச் சான்று பெற்றவற்றை மட்டும் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாம் என்று 1972-இல் விதி வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அந்த விதி தோற்றது. ஏன் தோற்றது என்பதை, குறிப்பாக ஆய்வகத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்யும் என் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆமை எல்லா நாளும் கிருமியை வெளியேற்றாது, விட்டுவிட்டுத்தான் வெளியேற்றும். திங்கள்கிழமை சோதித்தால் இல்லை என்று வரும். பெட்டியில் அடைத்து, நெரிசலில், பசியில் பல நூறு மைல் பயணம் செய்த பிறகு வெள்ளிக்கிழமை அதே ஆமை கிருமியைக் கொட்டும். சான்றிதழ் பொய்யில்லை, அது அந்த ஒரு நாளுக்கான உண்மை. சான்றோடு வந்த ஆமைகளாலும் குழந்தைகள் நோயுற்றார்கள்.

அதன் பிறகுதான் 1975-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நேரடியாகத் தடை விதித்தது. ஓட்டின் நீளம் நாலு அங்குலத்துக்குக் குறைவான உயிருள்ள ஆமைகளையும், பொரியக்கூடிய ஆமை முட்டைகளையும் விற்கக்கூடாது. அறிவியல், கல்வி, காட்சி நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டில் கனடாவும் ஆமை இறக்குமதியை நிறுத்தியது.

அது ஏன் நாலு அங்குலம்? பெரிய ஆமையிடம் கிருமி இல்லை என்பதால் அல்ல, அதனிடமும் இருக்கும். ஆனால் நாலு அங்குல ஆமையை ஒரு சிறு குழந்தை வாய்க்குள் வைக்க முடியாது, பொம்மை போலக் கையில் வைத்துக்கொண்டு திரியவும் முடியாது. அந்தச் சட்டம் குழந்தையின் வாயை மனதில் வைத்து அளவெடுக்கப்பட்டது. எத்தனையோ சட்டங்களைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு எளிமையான, இவ்வளவு தாய்மையான அளவுகோலை வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கு அது பிழைப்பு. லூசியானா மாநிலமே நீதிமன்றம் சென்றது. 1977-இல் வந்த தீர்ப்பு தடையை உறுதி செய்தது. மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனையைத் தடுக்க மத்திய அமைப்புக்கு என்ன அதிகாரம் என்பது ஒரு வாதம். உள்ளூர் விற்பனையை விட்டுவைத்தால் எல்லை தாண்டிப் பரவும் நோயைத் தடுக்க முடியாது என்பதை நீதிமன்றம் ஏற்றது. மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு பற்றி நாம் வகுப்பில் பேசியது நினைவிருக்கிறதா? அதற்கு ஓர் ஆமைக்குஞ்சும் உதாரணமாகும்.

பலன் என்ன? தடையால் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இந்த நோயிலிருந்து தப்பினார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை, மருத்துவமனை கட்டவில்லை. ஒரு பொருளை விற்காதே என்றதோடு சரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பண்ணைகள் மூடவில்லை, ஏற்றுமதிக்குத் திரும்பின. உள்நாட்டில் குழந்தைகளுக்கு ஆகாது என்று விலக்கிய சரக்கு, லட்சக்கணக்கில் வெளிநாட்டுக் குழந்தைகளின் கைக்குப் போனது. இதை நான் ஆத்திரத்தோடு சொல்லவில்லை. வணிக வரலாற்றில் இது பழைய வழக்கம், தெரிந்துகொள்ளுங்கள். முட்டைகளை ஆன்டிபயாடிக் கரைசலில் நனைத்துக் கிருமியை ஒழிக்கும் முறையையும் லூசியானாவில் உருவாக்கினார்கள். கிருமி குறைந்தது உண்மை. ஆனால் ஜென்டாமைசின் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பிற்காலத்தில் அந்த ஆமைகளிலேயே தென்பட்டன. குறுக்கு வழி கடைசியில் கூடுதல் தூரமாகிவிட்டது.

அமெரிக்காவிலும் சட்டத்தின் ஓட்டைகளைத் தேடினார்கள். "கல்வி நோக்கத்துக்கு" என்று எழுதி விற்றார்கள். தொட்டியை வாங்கினால் ஆமை இலவசம் என்றார்கள். சந்தைகளில் கூடையில் வைத்து விற்றார்கள். 2007-இல் புளோரிடாவில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தை சால்மோனெல்லாவால் இறந்தது. குழந்தையின் உடலில் இருந்த அதே வகைக் கிருமி வீட்டிலிருந்த குட்டி ஆமையிடமும் இருந்தது. குடும்ப நண்பர் அன்பளிப்பாகத் தந்த ஆமை அது. கொடுத்தவரும் அன்பில்தான் கொடுத்தார், வாங்கியவரும் அன்பில்தான் வாங்கினார். அதை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியை யாராவது இதன் கீழே போட்டு, "முன்னோர்கள் சால்மோனெல்லாவை அன்றே அறிந்திருந்தார்கள்" என்று எழுதப் போகிறீர்கள். வேண்டாம். அந்தப் பழமொழிக்கும் இந்தக் கிருமிக்கும் எந்த ஆதாரத் தொடர்பும் இல்லை. இன்னொரு பக்கம், ஆமை வைத்தால் வாஸ்துப்படி செல்வம் சேரும் என்கிறார்கள். அதற்கும் ஆதாரம் இல்லை. ஆமை நல்லதும் கொண்டுவராது, கெட்டதும் கொண்டுவராது. அதன் குடலில் இருப்பதைத்தான் கொண்டுவரும்.

நம் நாட்டு ஆமைகளை, குறிப்பாக நட்சத்திர ஆமையை, வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செங்காது ஆமை வெளிநாட்டு இனம் என்பதால்தான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் ஓடு ஓர் அடி வரை வரும், இருபது முப்பது ஆண்டு வாழும். தொட்டி போதாமல் போனதும் "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று கோயில் குளத்தில் விடுகிறோம். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பான் 2023-இல் விற்பனையையும் வெளியே விடுவதையும் தடை செய்தது. கேரளத்தில் திருச்சூர் பகுதி நீர்நிலைகளிலும் இது தென்பட்டிருக்கிறது. நாம் காட்டும் இரக்கம் நம் குளத்து ஆமைகளின் சோற்றில் மண்ணைப் போடுகிறது.

இனி செய்ய வேண்டியவை:

1. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, என்னைப் போன்ற முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் ஆமை வேண்டாம். பல்லி, ஓணான், பாம்பு வகை வளர்ப்புப் பிராணிகளுக்கும் இதே விதி.

2. ஏற்கெனவே இருந்தால் பதற வேண்டாம். தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளை கழுவுகிறதா என்று பெரியவர் நின்று பார்க்க வேண்டும்.

3. தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ் வையுங்கள். சமையலறைக்குள் ஆமை உலாவக் கூடாது. முத்தம் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

4. பிள்ளைக்குக் காய்ச்சலோடு பேதி வந்தால், வீட்டில் ஆமை இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க நினைக்காத கேள்வி அது.

5. ஆமைக்கு மருந்து கொடுத்துக் கிருமியை ஒழிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பாதையில் போனவர்கள் கதையை மேலே படித்தீர்கள்.

6. வளர்க்க முடியாவிட்டால் குளத்தில் விடாதீர்கள். கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கேட்டு ஒப்படையுங்கள்.

பிள்ளை அழுமே என்பீர்கள். அழட்டும், அரை நாளில் மறந்துவிடும். கிண்டியில் பாம்புப் பண்ணைக்கும், மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணைக்கும் கூட்டிப் போங்கள். அங்கே ஆமைகள் அவற்றுக்குரிய இடத்தில் வெயில் காய்வதைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவச் சொல்லிவிட்டு, இந்தக் கதையைச் சொல்லுங்கள். கிண்ணத்து ஆமையைவிடக் கதை அதிக நாள் தங்கும்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். மாலை நடை முடிந்து வந்து பதில் போடுகிறேன். படித்தவர்கள் வெறும் கட்டைவிரல் போடாமல், சின்னப் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்