அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஆரம்பித்தது எல்.ஐ.சி. இல்லையா? யார் இந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்?

கொல்லிமலை செம்மேட்டில் பஸ் ஏறி முதல்முறையாக சென்னை வருபவருக்குக்கூட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் புதுசாக இருக்காது. ஹீரோ பட்டணம் வந்துவிட்டார் என்று சொல்ல, தமிழ் சினிமா பல வருஷம் காட்டியது இதைத்தானே! ஆனால் இதைக் கட்ட ஆரம்பித்தபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது.

அப்போ யார் ஆரம்பித்தது?

எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். கானாடுகாத்தான் நகரத்தார் குடும்பம். பிறந்தது 1908. அப்பா சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நகரத்தார் வழக்கம். அதனால் இந்தக் குடும்பத்தில் முத்தையா, சிதம்பரம் என்ற பெயர்கள் மாறி மாறி வரும். வரலாறு தேடுபவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். இவருடைய மகன் ஒருவர் பெயரும் முத்தையாதான்.

1929-ல் அப்பா காலமானபோது சிதம்பரத்துக்கு 20 வயது சுமார். வட்டித் தொழிலோடு நிற்காமல் வங்கி, இன்சூரன்ஸ் என்று இறங்கினார். 1937 பிப்ரவரி 10 அன்று அவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

இன்சூரன்ஸ் கதை இன்னும் பழசு. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்கார கம்பெனிகள் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. சாதாரண பிரீமியத்துக்கே இந்தியர்களுக்கு பாலிசி கொடுத்தது, 1870-ல் வந்த பாம்பே மியூச்சுவல். அதன்பின் சுதேசி அலையில் 1906-ல் சென்னையில் பிறந்தது யுனைடெட் இந்தியா லைஃப். பின்னாளில் அது செட்டியார் பொறுப்பில் வளர்ந்தது. அதன் தலைமையகத்துக்காகத்தான் 1950-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் இந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டார்.

ஆனால், அவர் அதைப் பார்க்கவில்லை.

1954 மார்ச் 13. சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய பி.ஓ.ஏ.சி. விமானம் ஓடுபாதை முனையில் இருந்த தடுப்புச் சுவரில் மோதி தீப்பிடித்தது. 33 பேர் பலி. பயணிகள் 31 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. அதில் செட்டியாரும் ஒருவர். வயது 45.

இரண்டு வருஷத்துக்குள் கம்பெனியும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம். செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. உதயம். 245 நிறுவனங்கள் அதில் இணைந்தன. யுனைடெட் இந்தியா லைஃபும் அதில் ஒன்று. பாதியில் இருந்த கட்டடமும் கூடவே போனது. கட்டடக் கலைஞர் எல்.எம். சிட்டாலே வேலையை முடிக்க, 1959-ல் திறப்பு விழா. உயரம் 177 அடி. அப்போது இந்தியாவிலேயே இதுதான் உயரம். போர்டில் மட்டும் வேற பெயர்.

1969-ல் வங்கியும் அரசுடைமை ஆனது. செட்டியார் 1938-ல் தொடங்கிய பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் 1970-களில் அரசிடம் போனது. ஆனால் பெயர் மட்டும் தப்பித்தது. உங்க பைக் இன்சூரன்ஸ் பேப்பரில் ‘யுனைடெட் இந்தியா’ என்று இருந்தால், அது அவர் கம்பெனியின் பெயர்தான்.