பிள்ளைக் காம்பராவும் எமது வகுப்பறையும்

தாய் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? பிள்ளைக் காம்பரா இல்லாத இடத்தில் அக்காள்தான். அன்று அவள் பாடசாலைக்கு வரமாட்டாள். ஆகவே பிள்ளைக் காம்பராவின் வரலாறு எமது வரவு இடாப்பின் வரலாறுமாகும்.

அதை நடத்தியது தோட்ட நிருவாகம். 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றபின் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயர் வந்தது. பாடசாலை விட்டுவரும் பிள்ளைக்கோ அங்கு இடமில்லை. பொதுப்பணமும் எளிதில் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட இடையூறாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது.

இன்று நிவித்திகல பிரதேச சபையிடம் மாலைநேரப் பராமரிப்பு நிலையமொன்றைக் கேட்க வழியுண்டு. அந்த அக்காள்மாருக்காக, பழைய மாணவியர் நாம் கேட்போம்.